செய்கூலி இல்லாத கேக்: வீட்டில் செய்யும் திருமண கேக்குக்கு விலை வைப்பது பற்றி

"கிலோ என்ன விலை?" வீட்டில் கேக் செய்து விற்கும் பெண்களிடம் முதலில் வந்து விழும் கேள்வி இதுதான். கூடவே வாட்ஸ்அப்பில் ஒரு படமும் வரும். இரண்டடுக்கு ஃபாண்டன்ட் கேக், பக்கவாட்டில் சரிந்து இறங்கும் சர்க்கரை ரோஜாக்கள், மேலே மணமக்களின் பெயர். கேட்பவருக்கு வேண்டியது அந்த வேலைப்பாடு. அவர் விலை கேட்பதோ எடைக்கு. ஒன்பதாயிரம் என்று சொன்னால் "மாவும் சர்க்கரையும் முட்டையும்தானே" என்று பின்வாங்குகிறார். ஐந்தாயிரத்து ஐந்நூறு என்றால் சரி என்கிறார். கேக் போய்ச் சேர்ந்தபின் கையில் என்ன மிஞ்சியது என்று உட்கார்ந்து பார்க்கச் செய்தவருக்குத் தெம்பு இருப்பதில்லை.

இந்த இழுபறிக்குப் பேரம் பேசத் தெரியாமையே காரணம் என்பார்கள். வாடிக்கையாளருக்குக் கலையின் அருமை தெரியவில்லை என்று இன்னொரு தரப்பு குறைப்படும். இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் பல ஊர்களில் கேக்குக்கு விலை சொல்லும் முறைகளை அடுக்கிப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது: எந்த அலகில் விலை சொல்கிறோமோ, அந்த அலகுக்குள் வரும் பொருளுக்கும் வேலைக்கும்தான் காசு கிடைக்கிறது, அலகுக்கு வெளியே நிற்கும் உழைப்பு இலவசமாகிவிடுகிறது. கிலோக் கணக்கு சர்க்கரையை எண்ணுகிறது, கை வேலையை எண்ணுவதில்லை. வீட்டு கேக்கின் விலைச் சிக்கல் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது.

எடை, துண்டு, பெட்டி

கேக்கை எடைக்கு விற்பது நமக்குப் பேக்கரியிலிருந்து வந்த பழக்கம். பேக்கரிக்கு அது பொருந்தவும் செய்கிறது. ஒரே நாளில் ஒரே மாதிரி முப்பது பிளாக் ஃபாரஸ்ட் போடும் இடத்தில் ஒரு கிலோவுக்கு ஆகும் வேலை ஏறக்குறைய மாறாதது. அங்கே எடையைச் சொன்னால் உழைப்பையும் சேர்த்துச் சொன்னதாகிவிடும். வீட்டில் செய்யும் அலங்கார கேக்கில் இந்தத் தொடர்பு அறுந்துபோகிறது. கடைகளில் பெட்டியில் விற்கும் விப்பிங் கிரீம் அடித்தால் மூன்று மடங்குக்கு உப்பும். கேக் பெரிதாகத் தெரியும், எடை ஏறாது. ஃபாண்டன்ட் நேர் எதிர். எட்டு அங்குல வட்டம், நான்கு அங்குல உயரம் கொண்ட கேக்கைப் போர்த்த ஏறக்குறைய 700 கிராம் ஃபாண்டன்ட் வேண்டும். முக்கால்வாசிக்கும் மேல் சர்க்கரையான அந்தப் போர்வையைப் பலர் உரித்துத் தட்டின் ஓரத்தில் வைத்துவிடுவார்கள். வாங்குபவர் அதற்கும் கேக் விலை கொடுக்கிறார். மறுபக்கம், ஏழு மணி நேரம் இதழ் இதழாக ஒட்டிய ரோஜாக்களின் எடை 150 கிராம்தான். தராசு அதை 150 கிராமாகவே பார்க்கிறது. கிலோக் கணக்கில் இருவருமே ஏதோ ஓரிடத்தில் தோற்கிறார்கள்.

அளவிலும் ஒரு கண்ணி இருக்கிறது. ஆறு அங்குலத்திலிருந்து எட்டு அங்குலத்துக்குப் போனால் 'ரெண்டு இன்ச்தானே' என்று தோன்றும். வட்டத்தின் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆறு, எட்டு, பத்து அங்குல கேக்குகள் ஒரே உயரத்தில் இருந்தால் அவற்றின் கொள்ளளவு 36, 64, 100 என்ற விகிதத்தில் போகும். எட்டை விடப் பத்து ஒன்றரை மடங்குக்கும் மேல். டின்னின் அளவைப் பார்த்து இருநூறு முந்நூறு கூட்டிச் சொல்பவர்கள் பெரிய கேக்கில்தான் அதிகம் இழக்கிறார்கள்.

அமெரிக்காவில் திருமண கேக்குக்குத் துண்டுக் கணக்கு. எத்தனை விருந்தினர், ஒரு துண்டு எத்தனை டாலர் என்பதே பேச்சு. வில்டன் நிறுவனத்தின் அட்டவணை அங்கே பரவலாகப் புழங்குகிறது. ஓர் அங்குலத்துக்கு இரண்டு அங்குலம், நான்கு அங்குல உயரம் என்பது அதன் திருமணத் துண்டு. அதன்படி ஆறு அங்குல வட்டக் கேக்கில் 12 துண்டு, எட்டில் 24, பத்தில் 38, பன்னிரண்டில் 56. அளவு கூடும்போது விலை தானாகவே சரியான வேகத்தில் ஏறுவது இதன் பலம். ஆனால் வந்தவர் எல்லோரும் கேக் சாப்பிடுவார்கள் என்ற விருந்து முறையை நம்பி நிற்கிற கணக்கு இது. ஐந்நூறு பேர் வரும் தமிழ்நாட்டு வரவேற்பில் கேக் மேடையில் வெட்டுவதற்கு. வயிறு நிறைவது பந்தியில். சமையல் காண்ட்ராக்டில் இலைக்கு இவ்வளவு என்று தலைக்கணக்கு பேசுகிற நாம் கேக்கில் அதைப் பேசாததற்குக் காரணம் உண்டு: முப்பத்தாறு துண்டு கேக்கை ஐந்நூறு பேருக்கு வகுக்க முடியாது.

இலங்கை இதற்கு வேறொரு வழி கண்டிருக்கிறது. அங்கே திருமணத்துக்கு ரவை, முந்திரி, பூசணி அல்வா, இஞ்சிப் பாகு, உலர்ந்த பழங்கள், பிராந்தி எல்லாம் சேரும் ரிச் கேக். முன்கூட்டியே செய்து ஊறவைத்து, சிறு துண்டுகளாக வெட்டி, தாளில் சுற்றிப் பெட்டியில் போட்டு விருந்தினர் ஒவ்வொருவர் கையிலும் கொடுப்பார்கள். மேடையில் நிற்கும் பல அடுக்கு கேக் பெரும்பாலும் ரிஜிஃபோம் (தெர்மோகோல்) கட்டைகளின் மேல் ஐசிங் செய்த 'ஸ்ட்ரக்சர்'. வெட்டுவதற்கு மட்டும் ஓரிடத்தில் உண்மையான கேக் இருக்கும். துண்டுக்கு ஒரு விலை, ஸ்ட்ரக்சருக்குத் தனி விலை அல்லது வாடகை. தின்பதும் பார்ப்பதும் இரண்டு வேலைகள் என்பதை விலையிலேயே பிரித்துவிட்ட ஏற்பாடு இது. ஐசிங் கலைஞரின் உழைப்பு எத்தனை துண்டு போனது என்பதைப் பொறுத்து ஏறி இறங்குவதில்லை. நான் ஒப்பிட்டுப் பார்த்த முறைகளில் அலங்காரத்தின் விலை இவ்வளவு தெளிவாக வெளியே தெரிவது இங்கேதான்.

கல்கத்தாவில் கிறிஸ்துமஸ் காலத்தில் இதன் இன்னொரு வடிவம் உண்டு. தால்தலா போன்ற பகுதிகளின் பழைய பேக்கரிகளுக்கு ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் மாவு, வெண்ணெய், முட்டை, ஊறவைத்த பழம் எல்லாவற்றையும் தாங்களே கொண்டுபோவார்கள். பேக்கரிக்காரர் கலந்து, சுட்டுக் கொடுத்து அதற்கான கூலியை மட்டும் வாங்கிக்கொள்வார். பொருள் அவர்களுடையது, வேலை இவருடையது. கூலி என்ன என்பதில் யாருக்கும் குழப்பம் இல்லை.

எடையின் மேல் இருக்கும் மோகம் நமக்கு மட்டும் உரியதன்று. 1840இல் நடந்த விக்டோரியா அரசியின் திருமண கேக்கைப் பற்றி இன்றும் முதலில் சொல்லப்படுவது அதன் எடை, சுமார் 300 பவுண்டு. 1861இல் வெளியான திருமதி பீட்டனின் இல்லப் பராமரிப்பு நூல் சமையல் குறிப்புகளோடு செலவையும் தந்து பெயர் பெற்றது. அந்தச் செலவு அடுக்களைக்கு வரும் பொருளின் செலவு. மாவைப் பிசைந்தவரின் நேரம் அதில் இல்லை. வீட்டு கேக்கின் கணக்கு இன்றும் பெரும்பாலும் அந்த அச்சில்தான் ஓடுகிறது.

மூன்று சூத்திரங்கள்

எப்படி விலை வைப்பது என்று கேட்டால் வகுப்பு எடுப்பவர்களும் அனுபவசாலிகளும் மூன்று வழிகள் சொல்வார்கள்.

முதலாவது, பொருள் செலவை மூன்றால் பெருக்குவது. ஒரு பங்கு பொருளுக்கு, ஒரு பங்கு வேலைக்கு, ஒரு பங்கு லாபத்துக்கு. மனக்கணக்காகப் போட்டுவிடலாம் என்பதால் இது பரவியது. சாதாரண கிரீம் கேக்கில் பெரும்பாலும் தப்பு வராது. ஆனால் வேலையும் பொருளும் ஒரே விகிதத்தில் வளரும் என்று இது எடுத்துக்கொள்கிறது. காம்பவுண்ட் சாக்லேட்டுக்குப் பதில் கோகோ வெண்ணெய் உள்ள நல்ல சாக்லேட் போட்டால் பொருள் செலவு 400 ரூபாய் ஏறும், விலை 1,200 ஏறும். வேலை ஒரு நிமிடமும் கூடவில்லை. சர்க்கரை ரோஜாவில் தலைகீழ். பூ செய்யும் சர்க்கரைப் பசையான கம் பேஸ்ட் 150 ரூபாய்க்கு ஆகும்; மூன்றால் பெருக்கினால் 450. ஏழு மணி நேரத்துக்கு அதுதான் கூலியும் லாபமும் பொருளும். மொத்த விலை தற்செயலாகச் சரியான எண்ணுக்கு அருகில் வந்து நிற்கலாம். ஆனால் எதற்காக அந்த விலை என்று வாங்குபவர் கேட்டால் பதில் சொல்ல முடியாது. பூவைக் குறைத்தால் எவ்வளவு குறையும் என்று கேட்டால் அதற்கும் பதில் இருக்காது.

இரண்டாவது, மணிக்கணக்கு. பொருள், நேரத்துக்குக் கூலி, மேல்செலவு, அதன்மேல் லாபம். நேர்மையான கணக்கு இதுதான். இதற்கு எதிராகச் சொல்லப்படும் வலுவான வாதம், புதிதாகத் தொழிலுக்கு வந்தவரின் தாமதத்துக்கு வாடிக்கையாளர் ஏன் பணம் தர வேண்டும் என்பது. நியாயமான கேள்வி. கைதேர்ந்தவர் மூன்று மணியில் முடிப்பதைப் பழகாதவர் ஏழு மணியில் முடித்தால் ஏழுக்கும் கூலி போட முடியாது. அதனால் எடுத்த நேரத்தைக் குறித்துக்கொண்டு, பழகிய கைக்கு ஆகும் நேரத்துக்கு விலை வைப்பதே பொருந்தும். மற்றது கற்றுக்கொண்டதற்கான செலவு.

மூன்றாவது, அக்கம்பக்கத்தில் என்ன விலை போகிறதோ அதைவிட ஐம்பது ரூபாய் குறைத்துச் சொல்வது. யாரும் இதைப் பாடமாகச் சொல்லித்தருவதில்லை. நடைமுறையில் அதிகம் பேர் செய்வது இதுதான். பக்கத்துத் தெருக்காரரின் விலையில் அவருடைய கணக்கு இருக்கிறது என்று நம்பி நாம் குறைக்கிறோம். அவரும் இன்னொருவரைப் பார்த்துத்தான் அந்த விலையைச் சொல்லியிருப்பார். யாருமே போடாத ஒரு கணக்கு இப்படித்தான் ஊர் விலையாக நிலைத்துவிடுகிறது.

ஒரு கேக்கின் கணக்கு

எட்டு அங்குலம், ஆறு அங்குலம் என இரண்டடுக்கு. உள்ளே சாக்லேட் கேக், சாக்லேட்டும் கிரீமும் சேர்ந்த கனாஷ் பூச்சு, மேலே ஃபாண்டன்ட், ஒரு கொத்து கம் பேஸ்ட் பூ. எடை ஏறக்குறைய ஐந்து கிலோ. கணக்கின் போக்கைக் காட்டுவதற்காக எண்களை எடுத்துக்கொள்வோம். ஊருக்கு ஊர் இவை மாறும்.

கேக்கும் கனாஷும் 2,200 ரூபாய். ஃபாண்டன்ட், கம் பேஸ்ட் 800. கேக் போர்டு, அடுக்கைத் தாங்கும் குச்சிகள், பூக்கம்பி, பெட்டி 500. ஆகப் பொருள் 3,500. உடைந்த பூ, சீவி எறிந்த கேக், கலர் சரியாக வராமல் தள்ளிய ஃபாண்டன்ட் என்று பத்து விழுக்காடு சேதாரம் 350. மின்சாரமும் கருவிகளின் தேய்மானமும் 250. ஆட்டோ அல்லது காரில் மண்டபத்துக்குக் கொண்டுபோக 500. இதுவரை 4,600.

இனி நேரம். பேசி, வடிவம் முடிவு செய்ய ஒன்றரை மணி. கடைக்குப் போய்வர ஒன்றரை. சுட்டு, ஆறவைத்து, சமன்படுத்த மூன்று. கனாஷ் பூச இரண்டு. ஃபாண்டன்ட் போர்த்த இரண்டரை. பூக்களுக்கு ஏழு. அடுக்கி, கொண்டுபோய் வைத்துவர இரண்டரை. பாத்திரம் கழுவி அடுக்களையைப் பழையபடி ஆக்க இரண்டு. மொத்தம் 22 மணி நேரம்.

கிலோ 1,100 ரூபாய் என்று இந்தக் கேக்கை விற்றால் 5,500 வரும். செலவு 4,600 போக மிச்சம் 900. அதை 22ஆல் வகுத்தால் மணிக்கு ஏறக்குறைய 41 ரூபாய். 2024-25இல் தமிழ்நாட்டுக்கு அறிவிக்கப்பட்ட நூறு நாள் வேலைத் திட்டக் கூலி நாளுக்கு 319 ரூபாய். எட்டு மணிக்கு வகுத்தால் மணிக்குக் கிட்டத்தட்ட 40. சர்க்கரையில் ரோஜா செய்யப் பழகிய கைக்கும், அதற்காகக் கட்டிய வகுப்புக் கட்டணத்துக்கும், வாங்கிவைத்த ஓவனுக்கும் சேர்த்து மேலதிகமாகக் கிடைப்பது மணிக்கு ஒரு ரூபாய்.

அதே 22 மணிக்கு 150 ரூபாய் வீதம் கூலி போட்டால் 3,300. செலவோடு சேர்த்து 7,900. பதினைந்து விழுக்காடு லாபம் வைத்தால் 9,085. தொடக்கத்தில் வாடிக்கையாளர் பின்வாங்கிய ஒன்பதாயிரம் இதுதான். அதில் பேராசை எதுவும் இல்லை. வில்டன் அட்டவணைப்படி இந்தக் கேக்கில் 36 துண்டு; துண்டுக்கு 250 ரூபாய் சுமாராக விழும்.

இந்தப் பட்டியலில் பூக்களின் ஏழு மணி நேரம் தனியே நிற்பதைக் கவனிக்க வேண்டும். மாவு பிசைய மிக்ஸர் வந்தது, சுட ஓவன் வந்தது. இதழின் ஓரத்தை மெல்லியதாக்கிக் காயவைத்து ஒட்டும் வேலை விரலில்தான் நடக்கிறது. நாடகமும் இசையும் போன்ற கலைகளில் வேலைத்திறன் ஆலைகளைப் போல ஏறாது, கூலி மட்டும் மற்ற துறைகளோடு சேர்ந்து ஏறியாக வேண்டும் என்று வில்லியம் பாமோலும் வில்லியம் போவனும் 1966இல் எழுதினார்கள். கை வேலை மிகுந்த கேக்குக்கும் அது பொருந்தும். ஆண்டுக்கு ஆண்டு சாதாரண கேக்குக்கும் அலங்கார கேக்குக்கும் விலை இடைவெளி விரிந்துகொண்டே போவது இயல்பு. ஒரே கிலோ விலையில் இரண்டையும் கட்டிவைத்தால் விரியும் அந்த இடைவெளியைச் செய்பவர்தான் தன் கையிலிருந்து நிரப்ப வேண்டும்.

வீட்டு நேரத்துக்கு விலை உண்டா

வீட்டில் செய்வதால் வாடகை இல்லை, ஆள் கூலி இல்லை, அதனால் மலிவாகத்தான் இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு வாங்குபவரிடம் உண்டு. செய்பவரின் வீட்டாரிடமும் உண்டு. "சும்மா இருக்கிற நேரத்துல செய்றா" என்று சொல்லும்போது அந்த நேரம் ஏற்கெனவே விலையற்றதாகிவிடுகிறது.

அந்த 'சும்மா' நேரம் எவ்வளவு என்பதற்கு அரசின் புள்ளிவிவரமே இருக்கிறது. தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் 2019 நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்காக ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்கள் 97 நிமிடம். 2024 ஆய்வில் இது 289, 88 என்று இறங்கியது. இடைவெளி ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. கேக்குக்கான 22 மணி நேரம் இந்த ஐந்து மணி நேரத்துக்குப் பிறகு வருவது. பிள்ளைகள் தூங்கிய பின்னும் விடிவதற்கு முன்னும் எடுக்கும் நேரம். பேக்கரியில் இரவு வேலைக்கு ஆள் வைத்தால் கூடுதல் கொடுக்க வேண்டியிருக்கும். வீட்டில் அதே இரவு வேலை தள்ளுபடிக்குக் காரணமாகிறது.

நீதிமன்றங்கள் இந்த இடத்தில் சமூகத்துக்கு முன்னால் போய்விட்டன. விபத்து இழப்பீட்டு வழக்கொன்றில் இல்லத்தரசியின் உழைப்புக்கு வருமானம் கணிப்பது அவருடைய பங்களிப்பை ஏற்றுக்கொள்வதாகும் என்று 2021 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கூறியது. கணவர் சம்பாதித்து வாங்கிய சொத்தில் வீட்டைப் பார்த்துக்கொண்ட மனைவிக்கும் சம பங்கு உண்டு என்று 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. இழப்பீட்டுக்கும் பாகப்பிரிவினைக்கும் விலையுள்ள அந்த நேரம் விற்பனைக்கு வரும்போது மட்டும் விலையற்றுப் போவதற்கு நியாயம் எதுவும் இல்லை.

மகிழ்ச்சிக்காகச் செய்கிறேன், லாபம் வேண்டாம் என்பவர்களும் இருக்கிறார்கள். அது அவர்கள் உரிமை. உறவினர் திருமணத்துக்குச் செய்யும் கேக்கைப் பரிசாகக் கொடுக்கலாம். அப்போதும் முழு விலையைச் சீட்டில் எழுதி, அதில் எவ்வளவு பரிசு என்பதையும் எழுதிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் அந்தப் பரிசு விலையே அடுத்து வரும் பத்துப் பேருக்கும் வழக்கமான விலையாகிவிடும்.

சட்டமும் வரியும்

வீட்டில் செய்யும் உணவை விற்பதைப் பல நாடுகள் வருமான உச்சவரம்பு வைத்து ஒழுங்குபடுத்துகின்றன. கலிபோர்னியாவின் வீட்டு உணவுச் சட்டம் 2013 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தபோது ஆண்டு விற்பனை வரம்பு 35,000 டாலர். 2015இல் அது 50,000 ஆனது. கிரீம், கஸ்டர்டு நிரப்பிய கேக் அங்கே அனுமதிக்கப்பட்ட பண்டங்களின் பட்டியலில் சேரவில்லை. விஸ்கான்சினில் வீட்டு பேக்கரிப் பண்டங்களை விற்பதற்கு இருந்த தடையை 2017இல் நீதிமன்றம் நீக்கியது. அமெரிக்காவில் கடைசியாக அனுமதி தந்த மாநிலம் நியூ ஜெர்சி, 2021இல். இத்தகைய வரம்பு விலையையும் தொடுகிறது: ஆண்டுக்கு இவ்வளவுதான் விற்கலாம் என்றால், குறைந்த விலைக்கு நிறையச் செய்வதில் பயனில்லை.

இந்தியாவில் 2011 உரிம விதிமுறைகள் வந்தபோது ஆண்டு விற்பனை 12 லட்சத்துக்குள் இருக்கும் சிறு உணவுத் தொழிலுக்கு உணவுப் பாதுகாப்புத் தர ஆணையத்தின் பதிவு போதும் என்றன. அப்போது கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய். பதிவு வைத்திருப்பவர் அந்த எண்ணைப் பெட்டியில் ஒட்டுவது விலைக்கு ஒரு பலம். பதிவே இல்லாதவரோடு அவரை ஒப்பிடும் வாடிக்கையாளருக்கு உடனே காட்டக்கூடிய வேறுபாடு அதுதான்.

ஜிஎஸ்டியில் 2025 செப்டம்பர் 22 முதல் கேக், பேஸ்ட்ரிக்கான வரி 18 விழுக்காட்டிலிருந்து 5 ஆகக் குறைந்தது. வெண்ணெய்க்கு 12இலிருந்து 5 ஆனது. சாக்லேட்டும் 18இலிருந்து 5க்கு இறங்கியது. சரக்கு விற்போருக்குப் பெரும்பாலான மாநிலங்களில் பதிவு வரம்பு ஆண்டுக்கு 40 லட்சம் என்பதால் வீட்டில் செய்வோர் மிகப் பெரும்பாலோர் ஜிஎஸ்டி வசூலிப்பதில்லை. அதனால் அவர்களுக்கு வரியே இல்லை என்று நினைப்பது தவறு. பொருள் வாங்கும்போது கட்டிய வரியை அவர்கள் திரும்பப் பெற முடியாது. அது செலவோடு சேர்கிறது. வரிக்குறைப்பால் பேக்கரி கேக்கின் விலைச்சீட்டில் வரி 13 விழுக்காட்டுப் புள்ளி நேரடியாக இறங்கியது. வீட்டில் செய்பவருக்குப் பொருள் செலவில் மட்டுமே கொஞ்சம் குறைந்தது. விலையில் கடையோடு போட்டியிடுவது முன்பைவிடக் கடினமாகியிருக்கிறது. வேலைப்பாட்டில் போட்டியிட இன்னொரு காரணம் கிடைத்திருக்கிறது.

கண்ணுக்குத் தெரியாத தரம்

படத்தில் வெண்ணெய்க்கும் மார்ஜரினுக்கும் வித்தியாசம் தெரியாது. பால் கிரீமா, தாவரக் கொழுப்பில் செய்த டாப்பிங்கா என்பதும், நல்ல சாக்லேட்டா, காம்பவுண்டா என்பதும் வெளியே தெரியாது. பொருளின் தரத்தை விற்பவர் மட்டும் அறிந்து, வாங்குபவர் அறியாத சந்தையில் தரம் குறைந்தது நல்லதை வெளியே தள்ளிவிடும் என்று ஜார்ஜ் அகர்லாஃப் 1970இல் பழைய கார்களை வைத்து விளக்கினார். கேக் விற்பனையில் நடப்பதும் இதுதான். எல்லாம் ஒரே மாதிரி தெரிவதால் வாங்குபவர் விலை குறைந்ததையே எடுக்கிறார். நல்ல வெண்ணெய் போடுபவர் ஒன்று தரத்தைக் குறைக்கிறார் அல்லது நஷ்டத்தில் செய்கிறார்.

இதற்கு மாற்று, தெரியாததைத் தெரியச் செய்வது. என்ன கொழுப்பு, என்ன சாக்லேட், பூவில் கம்பி இருக்கிறதா, எந்த அடுக்கு தின்பதற்கு, எது தெர்மோகோல் என்று சீட்டில் எழுதிக் கொடுப்பது. ஒரே வடிவத்துக்கு இரண்டு மூன்று விலைகள் சொல்வதும் உதவும்: பூவோடு ஒரு விலை, பூவைக் குறைத்து ஒன்று, அடி அடுக்கைத் தெர்மோகோலில் செய்து ஒன்று. தன் கைக்கு எட்டுவது எது என்று வாடிக்கையாளரே தேர்ந்துகொள்வார். விலை குறையும்போது எந்த வேலை குறைகிறது என்பதும் அவர் கண்முன்னே தெரியும்.

சொன்ன நாளும் கொடுக்கும் நாளும்

திருமண கேக்கை மூன்று, நான்கு மாதம் முன்பே பேசிவிடுகிறார்கள். இடையில் விலைவாசி நகரும். 2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைக் குறியீட்டின்படி இலங்கையில் உணவுப் பணவீக்கம் 94.9 விழுக்காடு. அந்த ஆண்டு முன்கூட்டி விலை பேசி ரிச் கேக் ஒப்புக்கொண்டவரின் நிலையை இந்த எண்ணே சொல்லிவிடும். மேற்கு ஆப்பிரிக்காவில் விளைச்சல் குறைந்ததால் 2024 டிசம்பரில் நியூயார்க் சந்தையில் கோகோ டன்னுக்கு 12,000 டாலரைத் தாண்டியது. அதன் சூடு சாக்லேட் வாங்கும் சிறு அடுக்களை வரை வந்தது. முட்டைக்கு நாமக்கல் விலை நாளுக்கு நாள் மாறுகிறது. ஆகவே சொன்ன விலை எத்தனை நாளைக்குச் செல்லும் என்பதைச் சீட்டில் போடுவது முக்கியம். முன்பணம் வாங்கிய அன்றே சாக்லேட்டும் வெண்ணெயும் வாங்கிவைப்பவருக்கு இந்த அபாயம் பாதியாகும். முன்பணம் குறைந்தபட்சம் பொருள் செலவை ஈடுகட்ட வேண்டும். திருமணம் தள்ளிப்போனால் எவ்வளவு திரும்பும் என்பதும் முதலிலேயே பேசியிருக்க வேண்டும்.

வெயிலுக்கும் ஒரு விலை உண்டு. குளிர்ந்த ஊரில் டார்க் சாக்லேட் கனாஷுக்கு இரண்டு பங்கு சாக்லேட்டுக்கு ஒரு பங்கு கிரீம் போதும். சென்னையின் மே மாதத்தில் அது நிற்காது. மூன்று பங்கு சாக்லேட் வேண்டும். பட்டர்கிரீம் உருகும், குளிர்பெட்டியிலிருந்து எடுத்த ஃபாண்டன்ட் வியர்க்கும். ஒரே கேக் டிசம்பரிலும் மே மாதத்திலும் ஒரே விலைக்குக் கட்டுப்படியாகாது. கொண்டுபோகும் பொறுப்பு யாருடையது என்பதும் விலையின் பகுதி. அடுக்குகளைத் தனித்தனியே கொண்டுபோய் மண்டபத்தில் அடுக்கினால் அதற்கு நேரக் கூலி. வாடிக்கையாளரே எடுத்துப்போனால் வாசலைத் தாண்டியபின் சரிவுக்குச் செய்தவர் பொறுப்பில்லை. இதையும் எழுதிவிட வேண்டும்.

எப்படிச் சொல்வது

இதுவரை பார்த்த முறைகளில் எதையும் முழுதாக எடுத்துக்கொள்ள முடியாது. துண்டுக் கணக்கு நம் பந்திக்குப் பொருந்தாது. கிலோக் கணக்கை ஒரேயடியாக ஒழிக்கவும் முடியாது. வாங்குபவரின் மொழி அது. ஆனால் தமிழ் வாடிக்கையாளருக்கு நன்றாகப் பழகிய இன்னொரு விலைச்சீட்டு இருக்கிறது. நகைக்கடையில் அன்றைய தங்க விலை, செய்கூலி, சேதாரம் என்று மூன்றாகப் பிரித்துப் போட்டுத் தருகிறார்கள். ஒரே எடையுள்ள இரண்டு வளையல்களில் வேலைப்பாடு மிகுந்ததற்குச் செய்கூலி கூடும் என்பதை யாரும் மறுப்பதில்லை. செய்கூலியில் பேரம் பேசுவார்கள். செய்கூலியே எதற்கு என்று கேட்க மாட்டார்கள்.

கேக்கின் விலையையும் அப்படிப் பிரிக்கலாம். சாதாரண கேக் கிலோ இவ்வளவு. இதில் சுடுவதும் கிரீம் பூசுவதும் அடக்கம். ஃபாண்டன்டும் பூவும் உருவமும் வடிவத்தைப் பொறுத்துச் செய்கூலியாகத் தனி வரி. போர்டு, பெட்டி, கொண்டுபோகும் செலவு இன்னொரு வரி. சேதாரத்தை எல்லா வேலையிலும் ஒரே விழுக்காடாக வைக்காமல் நுணுக்கமான பூவுக்குக் கூடுதலாகவும் வெறும் கேக்குக்குக் குறைவாகவும் போடலாம். இரண்டடுக்குக்குக் கீழே அலங்கார வேலை எடுப்பதானால் குறைந்தபட்சச் செய்கூலி ஒன்றை வைத்துக்கொள்ள வேண்டும்; அரை கிலோ கேக்கில் நான்கு கிலோ வேலை கேட்பவர்கள் உண்டு. லாபத்தை வேலைக் கூலியோடு குழப்பக் கூடாது. கூலி செய்தவருக்கு, லாபம் தொழிலுக்கு. புது டர்ன்டேபிளும் பழுதான ஓவனும் லாபத்திலிருந்துதான் வர வேண்டும்.

இப்படிச் சொன்னால் வாடிக்கையாளர் போய்விடுவாரே என்ற அச்சம் பொய்யில்லை. சிலர் போவார்கள். மணிக்கு 41 ரூபாய்க்குச் செய்ய வேண்டியிருந்த கேக்கை இழப்பதால் செய்பவருக்கு வருமானத்தில் பெரிய குறைவில்லை. 22 மணி நேரம் மிச்சமாகிறது. அந்த நேரத்தில் நான்கு சாதாரண கேக் செய்து கிலோக் கணக்கிலேயே நியாயமாகச் சம்பாதிக்க முடியும், அங்கே அந்தக் கணக்கு பொருந்தும் என்பதால். உண்மையில் கடினமான கேள்வி மணிக்கு எவ்வளவு என்பதுதான். 150 என்று மேலே எடுத்துக்கொண்டது ஒரு வசதிக்காக. அதை ஒருவர் தனியாக முடிவு செய்தால் பக்கத்துத் தெருக்காரர் ஐம்பது குறைத்துவிடுவார். ஓர் ஊரில் கேக் செய்யும் பத்துப் பேர் தங்கள் நேரக் கணக்கை ஒருவருக்கொருவர் ஒளிக்காமல் பேசி, இதற்குக் கீழே செய்கூலி போடுவதில்லை என்று முடிவெடுத்தால் ஊர் விலை அதைப் பின்பற்றி ஏறும். அதற்கு முதல் தேவை, ஒவ்வொருவரிடமும் எழுதிவைத்த ஒரு நேரக் கணக்கு இருப்பது. பெரும்பாலோரிடம் இன்று இல்லாதது அது ஒன்றுதான்.